கைகண்ட மாத்திரைக்காரர்

கண்டியில் அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, குரங்குக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பெரஹரா ஊர்வல நாட்களில் யானைக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. நான் பயப்படுவது கைகண்ட மாத்திரைக்காரருக்கு. அட்டை கடித்தால் உப்பு வைக்கலாம். குரங்கு வந்தால் கல்லை எடுக்கலாம். யானைக்குப் பாகன் இருக்கிறான். மாத்திரைக்காரரோ அன்போடு வருகிறார், சிரித்துக்கொண்டு வருகிறார், சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே வருகிறார். அவரிடமிருந்து தப்ப இந்த ஊரில் இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

யார் இவர் என்று கேட்கிறீர்களா? டொக்டர் இல்லை. பார்மஸிக்காரர் இல்லை. நாட்டு வைத்தியரும் இல்லை. நாட்டு வைத்தியர் என்றால் நாடியையாவது பிடித்துப் பார்ப்பார். இவர் எப்போதோ ஒரு முறை நோயாளியாக இருந்தவர். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு மீதி ஆயுள் முழுவதும் ஊருக்கு வைத்தியம் பார்க்கிறவர். படித்தவர்களிலும் இருப்பார், படிக்காதவர்களிலும் இருப்பார். என் அனுபவத்தில் படித்தவர்களிடம்தான் கையிருப்பு அதிகம்.

கையிருப்பு எப்படிச் சேர்கிறது என்பது தனிக்கதை. டொக்டர் சொறிக்கு நீண்ட நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பார். சொறி நின்ற அன்றே இவர் மாத்திரையையும் நிறுத்திவிடுவார். 'இனி எதுக்கு? அதுதான் போயிருச்சே' என்பார். நோய் போயிற்றா, அல்லது தலையைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டதா என்ற சந்தேகமெல்லாம் அவருக்கு வருவதில்லை. மிஞ்சிய மாத்திரைகளை எறிய மனம் வருமா? ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, முன்னால் நின்றவரோடு சண்டை பிடித்து, பின்னால் நின்றவரிடம் ஏச்சு வாங்கி, இலவசமாகக் கொண்டுவந்த பொருளல்லவா? அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பால்மா டின் இருக்கும். அதற்குள்ளே செத்துப்போன பெரியப்பாவின் பிரஷர் மாத்திரையும், போன வருடத்துப் பல்வலி மாத்திரையும், எழுத்து அழிந்துபோன கடதாசி உறைகளும் ஒன்றாகக் குடியிருக்கும். நம்முடைய சொறி மாத்திரையும் அங்கே போய்ச் சேரும். சேர்ந்து, யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று சொறிந்துகொள்ளும் நல்ல நாளுக்காகக் காத்திருக்கும்.

அந்த நாள் வரும். நீங்கள் பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ உங்கள் பாட்டுக்கு முழங்கையைச் சொறிவீர்கள். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் தோன்றும்.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க பாப்போம்" என்பார். கையைத் திருப்பிப் பார்ப்பார். உங்கள் தோலில் இருப்பது வட்டமா, கொப்புளமா, செதிலா, வெறும் நுளம்புக்கடியா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. சிவந்திருக்கிறதா, சொறியச் சொல்லிக் கடிக்கிறதா, அவ்வளவுதான். "அதேதான்!" என்பார். எது? அவருக்கு வந்ததுதான். உலகத்தில் எத்தனை கோடித் தோல்கள் இருந்தாலும் அவற்றுக்கெல்லாம் வரக்கூடியது தமக்கு வந்த அந்த ஒரே வியாதிதான் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

பிறகு வசனங்கள் ஒழுங்காக வரும். "எனக்குப் போட்ட ஒடனே நின்டுருச்சு." "டொக்டர்கிட்ட போனாலும் இதத்தான் எழுதுவாங்க." "சும்மா கியூவுல நின்டு காஞ்சு போறதுக்கு எதுக்கு?" ஆள் கொஞ்சம் மெலிந்தவராக இருந்தால் மாத்திரையை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாதியைக் கொடுப்பார். இதற்குப் பெயர் உடம்பைப் பார்த்து அளவாகக் கொடுப்பது. நீங்கள் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் வாடுகிற வாட்டத்தைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். இப்படி இரக்கப்பட்டு விழுங்கியவர்கள் இந்த ஊரில் கொஞ்சப் பேரா?

பொதுவாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் சந்திலே வாழும் ஒருவரைக் காட்டுகிறேன்.

கட்டுக்கலையிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டுச் சந்தில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு தனபாலனுடையது. மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அரைக்கைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, யாரைக் கண்டாலும் "சொகமா?" என்கிற விசாரிப்பு. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒரு சமயம் இரண்டு முழங்கையிலும் முழங்காலிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பி, பொறுக்கமுடியாத கடி. ஊரில் உள்ள எண்ணெய்கள் எல்லாம் பூசிப் பார்த்து, கடைசியில் மனைவி வடிவம்மாவின் தொந்தரவு தாங்காமல் தோல் கிளினிக்குக்குப் போனார்.

அந்தக் கிளினிக்கில் அவருக்கு நடந்ததெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அதை வடிவம்மாவே கூட இருந்து கேட்டு எனக்குச் சொல்லியிருக்கிறார். மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த பிறகுதான் கொடுத்தார்கள். கடி நின்றாலும் நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார்கள். மாதாமாதம் வந்து ரத்தம் கொடுக்கவேண்டும் என்றார்கள். மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், சிறுநீர் கறுத்துப் போனால், காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் ஓடிவாருங்கள் என்றார்கள். வேறு மருந்து எது குடித்தாலும் சொல்லுங்கள் என்றார்கள். இது உங்களுக்கு மட்டும்தான், இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். விளங்கியதா என்று கேட்டார்கள். தனபாலன் தலையாட்டினார். டொக்டர் முன்னால் தலையாட்டுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் தலைக்குள்ளே எதுவும் போகாமல் பார்த்துக்கொள்வதிலும் அப்படித்தான்.

மாத்திரை வேலை செய்தது. கடி அடங்கியது. அன்றுமுதல் தனபாலன் வேறு ஆளாகிவிட்டார். மாத்திரையைத் தாமே கண்டுபிடித்த மாதிரிப் பேசத் தொடங்கினார். மாதாந்த ரத்தப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தினார். "நல்லா இருக்கிறவன்கிட்ட ரத்தத்த உறிஞ்சிக்கிட்டு! அவுங்களுக்குப் படிக்கிறதுக்கு நம்ம கையா கெடைச்சிச்சு?" என்று என் வாசலில் நின்றே கேட்டார். மாத்திரையையும் நிறுத்தினார். ஆனால் வாங்குவதை நிறுத்தவில்லை. டொக்டர் எழுதிய பழைய துண்டைக் காட்டி, ஏதேதோ காரணம் சொல்லி, வாங்கக்கூடிய மட்டும் வாங்கிவந்து டின்னுக்குள் சேர்த்தார்.

இவருடைய விநியோக முறையைச் சொல்லாமல் விட்டால் பாவம். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். பூசை முடிந்து வரும்போது நாட்காட்டியில் கிழித்த தாளில் விபூதி மடித்துக்கொண்டு வருவார். வர முடியாதவர்களுக்கு வீடு வீடாகக் கொடுப்பார். நல்ல வழக்கம்தான். ஆனால் எந்த வீட்டில் யாருக்கு என்ன கோளாறு என்பதும் அவருக்குத் தெரியுமல்லவா? விபூதி மடித்த தாளின் மறுபாதியில் மாத்திரையும் மடித்திருக்கும். முதலில் விபூதி, பிறகு அதே கையால் அது. கோயிலிலிருந்து வருகிற மனிதர் வலது கையால் நீட்டுவதை எப்படி வேண்டாம் என்பது? இரண்டு கையையும் ஏந்தி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். மாத்திரையைக் கண்ணில் ஒற்றி விழுங்கும் ஜனங்கள் வேறு எங்காவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

தனபாலன் வீட்டு மேலறையில் புஷ்பம் என்ற பெண் வாடகைக்கு இருந்தாள். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து வந்தவள். பல்லேகலயில் தைக்கிற ஃபெக்டரியில் வேலை. விடியற்காலை பஸ்ஸேறிப் போய், இருட்டுகிற நேரம் திரும்பி வருவாள். தூசியும் வியர்வையும் பட்டு இடுப்பைச் சுற்றியும் கை மடிப்பிலும் வட்டம் வட்டமாகச் சிவந்து கடித்தது. கிளினிக்குக்குப் போவதென்றால் ஒரு நாள் லீவு போடவேண்டும். லீவு போட்டால் அந்த மாதத்து வருகைக் கொடுப்பனவு போய்விடும். சூப்பர்வைசர் முகத்தையும் பார்க்க முடியாது. ஆகவே சொறிந்துகொண்டே தைத்தாள். வடிவம்மா கண்டு, "ஒரு நாளைக்கு லீவு போட்டுட்டுப் போய்க் காட்டிட்டு வாம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தனபாலன் பக்கத்து அறையில் இருந்து கேட்டுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை புஷ்பத்துக்கு விபூதியும் கிடைத்தது, மறுபாதித் தாளும் கிடைத்தது.

"அங்கிள், இது எனக்குச் சரி வருமா?" என்று அவள் கேட்டாளாம்.

"அதேதாம்மா ஒனக்கும். எனக்குக் கைகண்டது. சாப்பிட்டுட்டுப் போடு. லீவும் வேணாம், கியூவும் வேணாம்."

மாத்திரை வேலையைத் தொடங்கியது. எந்த வேலை என்பதுதான் கேள்வி. அடுத்த கிழமை புஷ்பம் படியேறும்போது நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறிக் கிடந்தது. மூச்சு வாங்கியது. வடிவம்மாவைத் தனியே கூப்பிட்டு, "ஆன்ட்டி, ஒண்ணுக்குப் போனா சாயத்தண்ணி மாதிரிப் போகுது" என்றாள். வடிவம்மா பதறிப்போய்க் கணவரிடம் சொன்னார். தனபாலன் பதறவில்லை. மாத்திரைக்காரர்கள் எளிதில் பதறமாட்டார்கள்.

"சூடு. மெஷின்லயே குந்திக்கிட்டு இருந்தா சூடு ஏறாதா? எளநி வாங்கிக் குடு. " பிறகு புஷ்பத்தைக் கூப்பிட்டு, "மாத்திரய மட்டும் நிப்பாட்டிறாத புள்ள, பாதியில நிப்பாட்டினா கெடுதி."

கேட்டீர்களா? வாழ்க்கையில் எந்த மருந்தையும் முழுதாகக் குடித்து முடிக்காத மனிதர், முதல் முறையாக ஒருவரை நிறுத்தாதே என்கிறார். நிறுத்தவேண்டிய ஒரே ஆளைப் பார்த்து.

மறுநாள் காலை புஷ்பத்தின் உதடு நாவற்பழம் தின்றவள் உதடு மாதிரி இருந்தது. நிற்க முடியவில்லை. வடிவம்மா வாசலில் வந்து என்னைக் கூப்பிட்டார். "மாஸ்டர், மாஸ்டர், இந்தப் புள்ளையப் பாருங்க!" நான் சந்து முனைக்கு ஓடி ஹலீமின் திரீவீலரைப் பிடித்தேன். படிக்கட்டால் அவளைத் தூக்கிக்கொண்டுதான் இறக்கினோம். பின்சீட்டில் அவளை நடுவில் வைத்து வடிவம்மாவும் நானும். முன்னால் ஹலீமின் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு தனபாலன்.

"பல்லேகலயில இண்டைக்கு கிரிக்கட் மெச் ஈக்கிது மாஸ்டர், டவுன் முழுக்க புளொக்" என்றார் ஹலீம். "பயப்பட வாணாம், நான் உள்ளால போறேன்." ஒரு கையால் ஹோர்னை அழுத்திக்கொண்டே போனார். முன்னால் இருந்த தனபாலன், வழிநெடுக, இளநீர் கொடுக்காததுதான் பிழை என்று விளக்கிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே கட்டிலில் போட்டு ஒட்சிசன் வைத்தார்கள். வந்தது ஒரு யாழ்ப்பாணத்து இளம் பெண் டொக்டர். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், சிறுநீர் நிறத்தைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறிக்கொண்டு போயிற்று.

"பிள்ளை, இந்த ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள என்ன மருந்து எடுத்தனீங்கள்?"

"மருந்து ஒண்ணும் குடிக்கல டொக்டர்" என்றாள் புஷ்பம். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மருந்து என்றால் டொக்டர் கொடுப்பது, துண்டு எழுதி ஜன்னலில் வாங்குவது. வெள்ளிக்கிழமை விபூதியோடு வீட்டு அங்கிள் கையால் வந்ததை மருந்துக் கணக்கில் சேர்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. நம்மில் யாருக்குத் தோன்றும்?

டொக்டர் எங்களைப் பார்த்தார். "வீட்டுக்காரர் ஆர்? நீங்களோ ஐயா? வீட்டில ஏதும் குடுத்தனீங்களோ?"

அவளுக்குத் தோன்றாமல் இருக்கலாம். இவருக்கு? கேள்வி நேரே இவரிடம் வந்தது. தனபாலனின் கை மெதுவாக மேலே போய்ச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. "நாங்க நல்ல சாப்பாடுதான் குடுக்கிறோம் டொக்டர். சொந்தப் புள்ள மாதிரி."

"நான் சாப்பாட்டைக் கேக்கேல்லை ஐயா."

"வேற ஒண்ணும் இல்ல டொக்டர்."

டொக்டர் கட்டிலுக்குக் குனிந்தார். குரலைத் தாழ்த்தினாலும் பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டது. "பிள்ளை, மறைக்காமல் சொல்லுங்கோ. மனசில ஏதும் கவலையோ? பூச்சி மருந்து, அப்பிடி ஏதும் குடிச்சுப்போட்டீங்களோ?" புஷ்பத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பேச மூச்சு இல்லை.

இந்த இடத்தில் தனபாலன் வாயைத் திறந்தார். பையை மூடிய அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியிருந்தது; உண்மையைச் சொல்லத்தான் திறக்கிறார் என்று நினைத்தேன். "இந்தக் காலத்துப் புள்ளைங்கதானே டொக்டர். எந்நேரமும் ஃபோன்ல யார்கூடவோ கதைச்சுக்கிட்டு இருக்கும். நமக்கு என்ன தெரியும்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு மாத்திரைக்காரர் தம்முடைய பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, மூச்சுக்குத் தவிக்கிற பெண்ணின் பெயரைக் கட்டில் ஓரத்திலேயே விற்கிறார். டொக்டரோ நஞ்சுக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். தாதியிடம் ஏதோ சிங்களத்தில் சொன்னார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"பொய்!" என்றார் வடிவம்மா.

கணவரே சொல்வார் என்று அதுவரை பார்த்திருந்தவர். அந்த அம்மா உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்று அந்த வார்ட்டில் எல்லாத் தலையும் திரும்பிற்று. "பொய் டொக்டர்! அந்தப் புள்ள தாயோடதான் ஃபோன்ல கதைக்கும். இவருக்குத் தோல் கிளினிக்குல குடுத்த மாத்திரைய இதுக்குக் குடுத்திருக்காரு. சட்டப் பையில கெடக்கு, கைய எடுக்கச் சொல்லுங்க!"

தனபாலன் கையை எடுத்தார். நாட்காட்டித் தாளை எடுத்து நீட்டினார். டொக்டர் அதைப் பிரித்து ஒரு கணம் பார்த்தார். அடுத்த கணம் முன்பு சொன்னதையெல்லாம் மாற்றித் தாதியிடம் வேறு எதையோ வேகமாகச் சொன்னார். ரத்தம் எடுக்க ஓடினார்கள், ரத்தம் கொண்டுவர ஓடினார்கள்.

"மருந்து குடுத்தனீங்களோ எண்டு கேட்டன், இல்லை எண்டனீங்கள்."

"அது மருந்தில்லயே டொக்டர்" என்றார் தனபாலன். "எனக்குக் குடுத்ததுல மிச்சம்."

இந்தப் பதிலைக் கேட்டு அந்தப் பெண் டொக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் கேட்டார்.

"உங்களுக்கு இதைக் குடுக்க முந்தி ரத்தம் எடுத்தவையெல்லோ? ஏன் எடுத்தவை?"

"ஆஸ்பத்திரின்னா எடுப்பாங்கதானே."

"இந்தக் குளிசை சில பேற்ற ரத்தத்தை உடைச்சுப்போடும் ஐயா. பிறவியிலேயே அவையின்ர ரத்தம் அப்பிடி. வெளியில பாத்தால் தெரியாது. அதைப் பாக்கத்தான் எடுத்தது. உங்கட ரத்தம் தாங்கும், குடுத்தவை. இவவின்ர ரத்தத்தை ஆர் பாத்தது?" சற்று நிறுத்தினார். "அதுவும் இவவுக்கு இருக்கிறது படர்தாமரை. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காட்டியிருந்தால் பூசுறதுக்கு ஒரு கிறீம்தான் தந்திருப்பினம்."

ஒரு கிறீம். காலையும் இரவும் பூசுகிற சாதாரண கிறீம். அதற்காகத்தான் இந்தப் பெண் இப்போது இன்னொருவருடைய ரத்தத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு கிடக்கிறாள்.

டொக்டர் விடவில்லை. "சரி, அவவுக்குக் குடுத்தால் நீங்கள் என்னத்தைப் போடுறீங்கள்? கையைக் காட்டுங்கோ." தனபாலனின் முழங்கையில் கொப்புளங்கள் மறுபடி கிளம்பியிருந்தன. அவர் அதைக்கூட எங்களிடம் மறைத்து, வெப்பம் என்று வடிவம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

வெளியே மர வாங்கில் வந்து உட்கார்ந்தோம். ஒரு மனிதர் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த வாங்குதான். தனபாலன் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மாஸ்டர், மாத்திரையில ஒரு கொறையும் இல்ல. அந்தப் புள்ளைட ரத்தத்துலதான் கோளாறு" என்றார்.

நான் வாங்கின் மறுமுனைக்குத் தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு நோயாளி கிடைத்திருப்பார்.

மத்தியானத்துக்குப் பிறகு புஷ்பத்தின் தாய் வேலாயி வந்து சேர்ந்தாள். வேலைத்தலத்தில் சேதி கேட்டு, கொழுந்துக் கூடையைப் பாதியில் போட்டுவிட்டு, நாவலப்பிட்டி பஸ்ஸில் வந்து குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். கையில் கொழுந்துச் சாயம் அப்படியே இருந்தது. மகள் கட்டிலில் கிடப்பதையும் மேலே ரத்தப் பை தொங்குவதையும் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். வந்ததும் தனபாலனைக் கும்பிட்டாள்.

"சாமி, நீங்கதான் எம்புள்ளைய கொண்டாந்து காப்பாத்துனீங்க. ஒங்க புள்ளகுட்டிக நல்லா இருக்கணும்."

தனபாலன் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? அழுதாரா? காலில் விழுந்தாரா? "எல்லாம் அவன் செயல்" என்று மேலே கையைக் காட்டினார்.

வடிவம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வேலாயியின் கையைப் பிடித்து உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னார். தம் கணவர் கொடுத்த மாத்திரையால்தான் இப்படி ஆயிற்று என்று ஒளிக்காமல் சொன்னார். ஒரு பெரிய கூச்சல் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வேலாயி கூச்சல் போடவில்லை. அவள் முகம் வேறு எதற்கோ பயந்தது.

"அந்த மாத்திரையா?" என்றாள். "வெள்ளிக்கெழம பொட்டலமா? அதுல கொஞ்சம் அவ அண்ணனுக்குன்னு ஆள்கிட்ட குடுத்துவிட்டாளேம்மா! அவனுக்கும் காலெல்லாம் சொறி."

நான் எழுந்து உள்ளே ஓடினேன். டொக்டர் கேட்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். "கூடப் பிறந்தவனோ? இது குடும்பத்தில வாறது. அவனுக்கும் இருக்கலாம், இவவிலும் பார்க்க மோசமாயும் இருக்கலாம். ஓம், இப்பவே எடுங்கோ ஃபோனை. ஒரு குளிசையும் போடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

வேலாயி சொன்ன நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி அழுத்தினேன். வேலாயி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பின்னால் வடிவம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். நல்லெண்ணத்தோடு மடித்த ஒரு பொட்டலம், ஒரு தாயிடம் இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் கேட்டுக்கொண்டு நின்றது. மூன்றாவது தடவை புஷ்பத்தின் அண்ணன் லெட்சுமணன் ஃபோனை எடுத்தான்.

"அந்த மாத்திரையப் போட்டியா தம்பி?"

"எந்த மாத்திர? தங்கச்சி குடுத்துவிட்டதா? இல்லீங்க, நான் போடல."

வேலாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் மூச்சு வந்தது. "நல்ல காரியம் செஞ்சே. அதைத் தூக்கி எறிஞ்சிடு. யாரும் போடக்கூடாது."

"எறியிறதுக்கு இல்லீங்களே. எனக்கு அப்ப சொறி கொறஞ்சிருந்திச்சு. வீணாக்குவானேன்னு பக்கத்து லயத்து வீட்டு காளிமுத்து மாமாவுக்குக் குடுத்துட்டேன்."

"ஐயோ! அவருக்கு எப்பிடி இருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்காரு. சொறியெல்லாம் நின்டுபோச்சாம். மிச்சம் ரெண்டு மூணு இருக்காம், சொறி உள்ளவுங்க யாராச்சும் இருந்தா சொல்லச் சொன்னாரு."

புஷ்பம் பிழைத்துவிட்டாள். உங்களை அதிக நேரம் தவிக்கவிட எனக்கு மனமில்லை. பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வெளுத்துப்போய், எந்தெந்த மருந்துகளைத் தன் உடம்பு தாங்காது என்று எழுதிய அட்டையோடு வெளியே வந்தாள். வருகைக் கொடுப்பனவு போயிற்று, மேலறையும் போயிற்று. வேறு இடத்தில் அறை எடுத்துக்கொண்டாள். லெட்சுமணன் சொல்லியும் கேட்காத காளிமுத்துவை நேரில் போய்த் தடுக்க வேலாயிக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர் மாத்திரையைக் கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டாராம். தனக்குக் கைகண்ட மருந்தை ஊருக்கு இல்லாமல் செய்யப் பார்க்கிறார்களே என்று அவருக்கு வருத்தம். தனபாலன் திரும்பவும் கிளினிக்குக்குப் போகிறார். வடிவம்மா கூடவே போய், அவர் மாத்திரையை விழுங்கும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வெள்ளிக்கிழமைப் பொட்டலத்தில் இப்போது விபூதி மட்டும்தான் வருகிறது. எவ்வளவு காலத்துக்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

இவ்வளவும் வாசித்துவிட்டு, சே, இப்படியும் மனிதர்களா என்று தலையை ஆட்டுகிறீர்கள். ஆட்டுங்கள். நீங்கள் நாகரிகமானவர்கள், எறிய மனமில்லாமல் எதையும் சேர்த்து வைப்பவர்கள் அல்லர், பக்கத்து வீட்டுக்காரியின் முதுகைப் பார்த்து அதேதான் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தனபாலனின் கொப்புளம் மாத்திரை போட்ட உடனே நின்றது, காளிமுத்துவின் சொறியும் நின்றது என்று வாசித்த இடத்தில், உங்கள் மைத்துனருடைய காலோ மாமியாருடைய கழுத்தோ ஒரு கணம் நினைவுக்கு வந்து, அப்படியானால் அந்த மாத்திரைக்கு என்ன பெயர் என்று மனதுக்குள் கேட்டீர்களா இல்லையா? பெயரை நான் எங்கும் எழுதவில்லை. வேண்டுமென்றால் நேரில் வந்து கேளுங்கள், சொல்கிறேன். வரும்போது மைத்துனரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதலில் அவர்களிடம் ரத்தம் எடுக்கவேண்டும்.